கரையான் தொடாத கதவு

அந்தத் தெருவில் மரங்கொத்தி என்றால் சின்னக் குழந்தையும் கை காட்டும். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், விடுமுறை வந்தால் முழுநேரப் பைத்தியம். எந்த வீட்டை இடித்தாலும், எந்தக் கடையைப் பிரித்தாலும் அங்கே போய் நிற்பார். குப்பையோடு கிடக்கும் பலகையை விரல் கணுவால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தோளில் தூக்கிக்கொள்வார். அந்தத் தட்டலைப் பார்த்துப் பட்டப்பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவர் மனைவிதான்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்குக் கைவேலை சுத்தம். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் அழுக்கும் ஆணியுமாகப் போகும் பலகை, ஒரு மாதம் கழித்து முகம் பார்க்கலாம் போல வழவழப்பாக வெளியே வரும். மனைவி தையல் இயந்திரம் வைத்திருக்கும் மேசை ஒரு காலத்தில் யாரோ எறிந்த ஜன்னல். காலை எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் அந்த வீட்டில் நடக்க முடியாது என்பது மட்டும்தான் குறை.

மகளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவது தடவை தங்கிப் பிறந்தவன்தான் பேரன். தொட்டிலில் இனி அவன் கால் நீட்ட இடமில்லை, கடையில் ஒரு கட்டில் பார்த்திருக்கிறோம் என்று மகள் சொன்னதும் மரங்கொத்திக்குக் கோபமே வந்துவிட்டது. கடைக் கட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியுமா, பசையும் பாலிஷும் பெயிண்டும், அத்தனையும் விஷம், பல் முளைக்கிற பிள்ளை கடிக்காமல் இருப்பானா என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்துவிட்டு, நான் செய்து தருகிறேன் என்றார்.

பழைய கட்டடச் சாமான் விற்கும் கிடங்கில் அவருக்கென்றே காத்திருந்ததுபோல ஒரு கதவு கிடந்தது. இரட்டைக் கதவில் ஒன்று. மற்றது இன்னும் வந்து சேரவில்லை. ஆற்றோரத்தில் ஏதோ குடோனை இடிக்கிறார்கள், அங்கிருந்து வந்தது என்றார் கிடங்குக்காரர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, இவரும் கேட்கவில்லை. மேலெல்லாம் சேறு. கத்தி முனையால் அங்கங்கே சுரண்டிப் பார்த்தார். ஈரத்திலேயே நின்ற கதவு, கீழ்ப்பக்கம் கறுத்துப்போயிருந்தது. ஆனால் ஒரு துளை இல்லை, ஒரு பொடி இல்லை. தட்டினால் கணீரென்றது. அன்று முழுக்க அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"கரையான் ஒரு வாய்கூட வைக்கல தெரியுமா. இந்த மாதிரி மரம் இனிமே கிடைக்காது."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கரையானே வேண்டாம்னு விட்டதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. நீங்கதான் அதைவிடக் கேடு."

இருவரும் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

கதவைப் பலகை பலகையாகப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் இழைப்புளியைக் கையில் எடுத்தார். வெளிப்பக்கத்தில் சேற்றுக்கு அடியில் பழைய பெயிண்ட் இருந்தது. ஒரு பலகையில் வளைந்த சிவப்புக் கோடு, இன்னொன்றில் கறுப்பு வட்டத்தின் ஓரம். ஏதோ கம்பெனி முத்திரை என்று நினைத்து இழைத்துத் தள்ளினார். பூண்டு வாடை மாதிரி ஒன்று கிளம்பியது. பழைய மரத்துக்கு ஆயிரம் வாடை இருக்கும், அதையெல்லாம் பார்த்தால் முடியுமா என்று தும்மிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்.

மரச்சீவல் குவியலில் சுருண்டு படுப்பதே வேலையாக இருந்த வீட்டுப் பூனை, கொட்டகை வாசலோடு நின்றுவிட்டது. கூப்பிட்டால் கத்தியது, உள்ளே வரவில்லை. அடியில் சர்க்கரை தங்கிய டீ கிளாஸை அவர் பட்டறை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்தபோது ஒரு எறும்பு இல்லை. கொட்டகை சுத்தமாகிவிட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்டார். மனைவி சீவலை அள்ளித் தொட்டிச் செடிகளுக்குப் போட்டாள். செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. வெயில் அதிகம் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். கண்ணைத் திறந்துகொண்டே குருடாக இருக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கட்டில் பிரமாதமாக வந்தது. நாலு பக்கமும் மரக் கம்பி அழி, மேலே முனை உருட்டி இழைத்த சட்டம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தன் கன்னத்தை வைத்துப் பார்த்து, சிராய் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பெயிண்ட் இல்லை, பாலிஷ் இல்லை, ஒரு பூச்சும் இல்லை. பிள்ளை வாயில் வைக்கிற சட்டம், வெறும் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அந்த வெறும் மரத்தை அவரே மாப்பிள்ளையோடு சேர்ந்து மகள் வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். பேரன் எழுந்து நின்று, மேல்சட்டத்தைப் பிடித்து, முதல் வேலையாக அதைக் கடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு மகள் போனில் சொல்வதெல்லாம் சின்னச் சின்ன விஷயமாக இருந்தது. பால் குடித்தால் கக்குகிறான், வயிறு சரியில்லை, பல் முளைக்கிறது இல்லையா, அதனால்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் தூக்கம் மட்டும் நல்ல தூக்கம், உங்கள் கட்டிலைத் தின்றே தீர்க்காமல் விடமாட்டான் போலிருக்கிறது என்று சிரித்தாள். அவருக்கும் விரல் நுனிகள் கொஞ்ச நாளாக மரத்துப்போயிருந்தன. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்த ஆசை அவரை மறுபடி கிடங்குக்கு இழுத்தது. மற்ற கதவு வந்துவிட்டது என்று தகவல். பேரன் துணிமணிக்கு ஒரு சின்ன அலமாரி செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனார். அவர் வருகிறார் என்று கிடங்குக்காரர் குழாயை வைத்து அடித்துக் கதவைப் பளிச்சென்று கழுவிச் சுவரில் சாய்த்திருந்தார்.

கதவில் சிவப்புக் கோட்டால் வரைந்த பாதி மண்டையோட்டுப் படம் இருந்தது. கறுப்பு வட்டமாக ஒரு கண்குழி, பாதி மூக்கு, பாதி வரிசைப் பல். அடியில் குறுக்காக வந்த எலும்பு, கதவின் விளிம்போடு வெட்டினாற்போல் நின்றுவிட்டது. மற்றப் பாதி எங்கே என்று மரங்கொத்திக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வளைந்த சிவப்புக் கோடும் கறுப்பு வட்டத்தின் ஓரமும் அவர் கையாலேயே சுருள் சுருளாகத் தரையில் விழுந்தவைதானே.

"பூச்சிமருந்து குடோனாம்ணே, நேத்துதான் சொன்னாங்க," என்றார் கிடங்குக்காரர். "டிரம்மெல்லாம் ஒழுகி, வருஷக்கணக்கா கதவு அதுலயே ஊறிக் கெடந்துச்சாம்."

அவர் பேசி முடிப்பதற்குள் இவர் போனை எடுத்துவிட்டார். விரல் சரியான எண்ணில் படவில்லை. மூன்றாம் முறைதான் மணி அடித்தது.

"குழந்தை எங்கம்மா?"

"உங்க கட்டில்லதான்ப்பா. காலையிலேருந்து அழவே இல்ல, நல்லாத் தூங்கறான்."

"எழுப்பு."

"பாவம்ப்பா, தூங்கட்டும்."

"அதுலேருந்து தூக்கும்மா. இப்பவே தூக்கு."

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். அடுத்த முறை கூப்பிட்டபோது அது அவள் குரலாகவே இல்லை. அதற்குப் பிறகு, வெகு தூரத்திலிருந்து வருவதுபோலக் குழந்தையின் முனகல் கேட்டது. மரங்கொத்தி போனைக் காதில் வைத்தபடியே ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாரையும் கேட்ட கேள்வி ஒன்றுதான், குழந்தை எதை வாயில் வைத்தான். மற்றவர்கள் முழிக்க, இவர்தான் முன்னால் வந்தார்.

"நான் செஞ்சதை."

ரத்தம் எடுத்தார்கள், குழாய் மாட்டினார்கள். உயிரைப் பற்றி இன்றே ஒன்றும் சொல்ல முடியாது, பிழைத்தாலும் நரம்பு எப்படி என்று போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பேரன் காலைத் தொடப் போனபோது அவர் கையைத்தான் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்கப்பா."

போய்க் கழுவினார். தோல் சிவக்கச் சிவக்கக் கழுவிவிட்டு வந்து நின்றார். அவள் தொடவிடவில்லை. மனைவி அவர் பக்கத்தில் வந்து, தன் புடவைத் தலைப்பால் அந்த ஈரக் கையைத் துடைத்துவிட்டாள். கரையானைப் பற்றித் தான் சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கட்டில் என்ன ஆயிற்று என்று அவர் மாப்பிள்ளையிடம் கேட்டார். எங்கள் தெருக் குப்பைத்தொட்டி பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன் என்றார் மாப்பிள்ளை. எரிச்சல்தான், யாருக்குத்தான் இருக்காது. ஆனால் அதைக் கேட்டதும் மரங்கொத்தி எழுந்துவிட்டார். குப்பையில் கிடக்கும் நல்ல மரம் எவ்வளவு நேரம் கிடக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினார்.

கட்டில் அங்கேதான் இருந்தது. அதன் முன்னால் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து, விரல் கணுவால் சட்டத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், பொருளுக்குப் போட்டி வந்துவிட்டதே என்று முகம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தார்.

"பாருங்க சார், ஒரு புழு ஓட்டை இல்ல. என்ன மாதிரி மரம். வீட்ல பொண்ணு மாசமா இருக்கா, ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாமா?"

மரங்கொத்தி காதில் எப்போதும் செருகியிருக்கும் தடிப் பென்சிலை எடுத்தார். தலைமாட்டுப் பலகையில் ஒரு கண்குழி வரைந்தார், பிறகு இன்னொன்று. மூக்கு, முழு வரிசைப் பல், குறுக்கே இரண்டு எலும்பு. அடுத்த பக்கப் பலகையிலும் வரைந்தார். மேல்சட்டத்துக்கு வந்தபோது அங்கே வரைய இடமில்லை. ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல் தடமாக இருந்தது. அதன் மேல் பென்சிலை வைக்க மனம் வராமல் நின்றார்.

அந்த ஆள் எழுந்து, மரத்தைத் தட்டிய கையைச் சட்டையில் துடைத்தபடி இரண்டடி தள்ளிப் போனார்.

"யார் சார் இதைச் செஞ்சது?" என்று கேட்டார்.