தோற்றவன் நூல்

"அதுக்குத்தான் சொல்றேன் மாமா, நீங்க இத்தனை நாளா பட்டத்துக்குக் கட்டுன நூலு சட்டைக்குப் பொத்தான் தைக்கத்தான் லாயக்கு."

"வாய மூடிட்டு மேல பாருடா. இன்னிக்கு நீ வாங்கிக் குடுத்ததைத்தானே கட்டியிருக்கேன்? தோத்தா உன் தலையிலதான் விடியும்."

"இது அறுந்தா நான் மீசைய எடுத்துடுறேன்."

"மொதல்ல வளரட்டும், அப்புறம் எடுக்கலாம்."

மொட்டை மாடியில் இரண்டு பேரும் அண்ணாந்து நின்றார்கள். மாமா, உடன் நின்றவனுடைய அக்காவின் கணவர். கீழே இருக்கும் தையல் கடை அவருடையது. வாரம் முழுக்க ஊசிக்கும் இயந்திரத்துக்கும் குனிந்து குனிந்து கழுத்து வளைந்துபோனவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலையை நிமிர்த்துவார், அதுவும் பட்டத்துக்காக. பக்கத்தில் நின்றவன் கல்யாணங்களைப் படம் பிடிப்பவன். மாமா அவனை மச்சான் என்று கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவனுக்கும் ஞாயிறு விளையாட்டு உண்டு. ஒரு சின்ன டிரோனை ஏற்றிவிட்டு, கையிலிருக்கும் திரையில் ஊரையே சுற்றிப் பார்ப்பான். மாமா அதைக் கொசு என்பார். "என் பட்டத்துக்கு உசிரு இருக்கு. உன் கொசுவுக்கு மோட்டார்தான் இருக்கு" என்பார்.

வழக்கமான பருத்தி நூலில் மாமா மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். எதிரி சோடாபுட்டி என்கிற மருந்துக் கடைக்காரன், மூன்று தெரு தள்ளி தண்ணீர்த் தொட்டி வைத்த மாடிக்காரன். மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் மச்சான் அந்த நைலான் நூலை வரவழைத்துக் கொடுத்தான். பல்லால் கடித்தாலும் அறாது. கண்ணாடித் தூள் பூசியது. சுற்றும்போதே மாமாவின் விரலைக் கிழித்தது. விரலைச் சப்பிக்கொண்டே, "நல்ல சாமான்டா" என்று சிரித்தார்.

மச்சானின் கைப்பேசி முனகியது. அக்கா அனுப்பிய செய்தி. மருத்துவமனையில் வேலை முடிந்தது, கிளம்பிவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரம்மா வராங்க. சீக்கிரம் ஜெயிங்க."

மேலே இரண்டு பட்டங்களும் உரசின. மாமா நூலை விட்டார், இழுத்தார், மறுபடி விட்டார். திடீரென்று அவர் கை லேசாகிப்போனது. சிவப்புப் பட்டம் தலை சுற்றியபடி தூரத்தில் சரிந்தது. சோடாபுட்டியும் அதே நூலுக்கு மாறியிருக்க வேண்டும்.

"போச்சு" என்றான் மச்சான்.

பட்டத்துக்கு அருகில்தான் அறுந்திருந்தது. முக்கால்வாசி நூல் இன்னும் மாமாவின் கையிலிருந்து வானத்தில் தொங்கியது. அதைச் சுருட்டி எடுத்திருக்கலாம். ஆனால் இந்த மாடிகளில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. தோற்றவன் நூலைச் சுருட்டக் கூடாது. கைப்பக்கம் அறுத்து, காற்றோடு அனுப்பிவிட வேண்டும். சுருட்டுகிறவனை அடுத்த வாரம் யாரும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பருத்தி நூல் எங்கே விழுந்தாலும் ஒரு இழுப்பில் துண்டு துண்டாகிவிடும். அதனால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மாமா சட்டைப் பையிலிருந்த பிளேடால் நூலை அறுத்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்து ஒரு சலாம் வைத்தார்.

"என்ன இருந்தாலும் மனுசன் மனுசன்தான் மாமா" என்று மச்சான் கேலி செய்தான். பிறகு, எங்கே போகிறதென்று பார்ப்போமே என்று டிரோனை அதன் பின்னால் விரட்டினான்.

காற்று மேற்குப் பக்கம் அடித்தது. சாயும் வெயிலில் நூல் ஒரு கீறல் மாதிரி அவ்வப்போது மின்னியது. கூரைகளைத் தாண்டியது. ரயில் பாதையைத் தாண்டியது. பிறகு காணவில்லை. டிரோனை இறக்கித் தேடியபோது, மேம்பாலத்தின் உச்சியில் ஒரு காக்கை கீழே கிடந்து ஒற்றைச் சிறகால் தரையை அடித்துக்கொண்டிருந்தது.

அவன் இன்னும் கீழே இறக்கினான். இந்தப் பக்க விளக்குக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கக் கம்பத்துக்கு, ஆள் கழுத்து உயரத்தில், ஒரு மின்னல்.

"மாமா, நூலு பாலத்து மேல குறுக்கால கிடக்கு."

"ஏதாவது வண்டி வந்தா அறுந்துடும்டா."

ஒரு லாரி வந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். நூல் லாரியின் நெற்றியில் பட்டு வளைந்தது, விறைத்தது, கூரை மேல் ஏறி வழுக்கியது. லாரி போன பிறகு பழைய இடத்துக்கே இறங்கி, கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு நின்றது.

மாமா திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"அவ எந்த வழியாடா வருவா?"

கேட்கத் தேவையில்லாத கேள்வி. கீழ்ச்சாலையைத் தோண்டிப் போட்டு ஒரு மாதம் ஆகிறது, பாலத்தை விட்டால் வேறு வழியில்லை. மச்சான் அக்காவை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தான்.

"எடுக்க மாட்டாடா" என்றார் மாமா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "வண்டி ஓட்டுறப்ப போன எடுத்தா கைய ஒடைப்பேன்னு நான்தான் சத்தம் போட்டேன்."

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். கீழே அவருடைய பைக் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மச்சான் டிரோனைப் பாலத்தின் ஏற்றத்துக்குக் கொண்டுபோனான். தூரத்தில் அக்காவின் ஸ்கூட்டர், நீலச் சீருடை, தோளில் மாட்டிய பை. அவளுக்கு முன்னால் டிரோனைத் தாழ்த்தினான். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். வலமும் இடமும் ஆட்டினான். குறுக்கே மறித்தான். தலையில்லாத அந்தச் சின்ன யந்திரத்துக்கு வேண்டாம் என்று தலையசைக்கவா தெரியும்?

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் தம்பி இப்படித்தான் பாலத்தில் அவளோடு பந்தயம் விடுவான். வீடு வரைக்கும் ஓடவிட்டு, கடைசியில் தோற்றுக் கொடுப்பான். அவள் ஒற்றைக் கையைத் தூக்கி, போடா என்பது போல் ஆட்டிவிட்டு, கைப்பிடியை முறுக்கினாள். ஸ்கூட்டர் டிரோனைக் கடந்து ஏற்றத்தில் பாய்ந்தது.

"நில்லுக்கா!" என்று அவன் மொட்டை மாடியிலிருந்து கத்தினான். தண்ணீர்த் தொட்டி மாடியிலிருந்து சோடாபுட்டி, தனக்குத்தான் ஏதோ சொல்கிறான் என்று நினைத்துக் கையசைத்தான்.

கைப்பேசி அடித்தது. மாமா. காற்றிரைச்சலுக்கு நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"மச்சான், நான் பாலத்துக்குக் கீழ வந்துட்டேன். இங்கேருந்து ஒண்ணும் தெரியல. நின்னுட்டாளா?"

மச்சானின் கண் திரையை விட்டு நகரவில்லை.

"டேய், உன்னத்தான்டா கேக்குறேன். நின்னுட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுடா..."