லேஸ் இல்லாத பூட்ஸ்

சவப்பெட்டியின் ஒரு கைப்பிடி மட்டும் ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் இரண்டு பேர். தூக்கத் தயாராகக் குனிந்தவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். பாதிரியார் இருமினார்.

"எலாய் எங்கடி?" ஃபெலிசிட்டா அத்தை பெர்னடெட்டின் முழங்கையைக் கிள்ளினாள். தம்பி செலஸ்டினோவைப் புதைக்கிற நாளிலும் அது துணியின் தரம் பார்க்கிற கிள்ளல்தான்.

"வண்டியில உக்காந்திருக்காரு அத்தை. கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு."

"பல்லு முளைச்ச நாள்லருந்து சிநேகிதம். இப்ப பெட்டியத் தூக்க மாட்டாராமா? போடி, போய்ப் பேசிக் கூட்டிட்டு வா. செலஸ்டினோ மகதானே நீ, வந்த கிராக்கியக் கதவு வரைக்கும் விட்டுருவியா?"

காலப் என்கிற அந்தச் சிற்றூரின் பெரிய தெருவில் செலஸ்டினோவின் கடையை அறியாதவர் கிடையாது. சேணம், கம்பளி, வெள்ளி இடைவார், எதுவும் வாங்குவார், எதுவும் விற்பார். வந்தவன் எழுந்து போகப் பார்த்தால் விலையைக் குறைக்க மாட்டார், காப்பியை நீட்டுவார். காப்பி ஆறுவதற்குள் ஆள் வழிக்கு வந்துவிடுவான். ஒரு கம்பளியை வாங்குவதென்றால் அதை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, நூல் நூலாகத் தடவி, உதட்டைப் பிதுக்கி, ஏதோ செத்த எலியைக் கண்டவர்போல ஒரு நாடகம். சமீபகாலமாக அந்த நாடகம் நீண்டுகொண்டே போனதாக பெர்னடெட்டுக்குப் பட்டது. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவளுக்கு அந்தக் கடையென்றால் கூச்சம். வளர்ந்ததும் டென்வருக்குப் போனாள். அங்கே ஒரு நடைக்குழுவில் சேர்ந்தாள். மலையில் கிசுகிசுப்பாகப் பேசுகிறவர்கள், பைக்குள் பல் துலக்கியின் எடையைக்கூடப் பார்க்கிறவர்கள். வந்து போகிறவர்கள் படமெடுப்பதற்காகப் பாறையில் அடுக்கிவைக்கிற கல்லடுக்குகள் அவர்களுக்குக் குப்பை. கண்டால் காலால் தட்டிவிட வேண்டும்; பிளாஸ்டிக் பையைப் பொறுக்குவது மாதிரி அதுவும் ஒரு புண்ணியம்.

போன சனிக்கிழமை அப்பாவின் கூட்டத்தோடு மேசைமலைக்குப் போயிருந்தாள். அப்பா, எலாய், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வில்மா. அதை நடை என்று சொல்வது நடைக்கு அவமானம். பத்தடிக்கு ஒருமுறை நின்றார்கள். ஜூனிப்பர் மர நிழல் கண்டால் உட்கார்ந்தார்கள்.

"ஆமை ஒண்ணு பின்னாடி வருது," என்றாள் வில்மா. "வழி விடுங்கப்பா, அதுக்கு வேலை வெட்டி இருக்கும்."

எதிரே வந்த ஒரு ஜோடியிடம் அப்பா தன் பரிட்டோ ரொட்டிச்சுருளில் பாதியைக் கொடுத்து அவர்களுடைய ஆப்பிளைப் பேரம் பேசி வாங்கினார். "பச்சை மிளகாய் இருக்கு அதுல, எங்க ஊரு மிளகாய். இன்னொரு ஆப்பிளும் சேத்துக் குடுக்கணும் நியாயமாப் பாத்தா." அவர்கள் சிரித்தார்கள். பெர்னடெட் அந்த மனிதருக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவள்போலத் தூரத்து மேகத்தைப் பார்த்தாள். வெள்ளைப் பாறைச் சரிவில் ஏறும்போது எலாயும் வில்மாவும் மாறி மாறிக் குனிந்து பூட்ஸ் லேஸ் கட்டினார்கள். இந்தக் கிழங்களுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டாள். சரிவெங்கும் கல்லடுக்குகள் நின்றன. இங்கேயுமா!

இறங்கும்போது அவள் பொறுமை தீர்ந்துபோயிற்று. "நீங்க பேசிக்கிட்டே வாங்க," என்று முன்னால் இறங்கினாள். வழியிலிருந்த கல்லடுக்குகளை ஒன்றுவிடாமல் பூட்ஸ் முனையால் தட்டினாள். கற்கள் உருண்டு சிதறின. பாறை துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. மேலேயிருந்து அப்பாவின் சிரிப்பு கேட்டது. அவர் குரலை அவள் கடைசியாகக் கேட்டது அதுதான்.

எலாயும் வில்மாவும் வண்டிக்கு வந்தார்கள். அப்பா வழக்கம்போல, "நீங்க போங்க, நான் காத்து வாங்கிட்டு வர்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாராம். வெயில் சாய்ந்த பிறகும் வரவில்லை. தேடிப் போனார்கள். வழியை விட்டு வெகுதூரம் விலகி, ஒரு விளிம்பில் அவருடைய தொப்பி கவிழ்ந்து கிடந்தது. அவர் கீழே கிடந்தார்.

அன்று சரிவில் நின்று வில்மா கத்தினாள்: "கல்லெல்லாம் எங்க? எந்தப் படுபாவி தட்டிவிட்டான்? அவன் காலு வெளங்குமா?" பெர்னடெட் அப்பாவின் தொப்பியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தூசி போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது எலாயின் வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தாள். கழுத்துப் பட்டையும் கறுப்புக் கோட்டும் பளபளக்கும் கௌபாய் பூட்ஸுமாகப் பாவம், மாப்பிள்ளைபோல இருந்தார்.

"மாமா, எல்லாரும் நிக்கிறாங்க."

"வேற ஆளப் பாக்கச் சொல்லு. அவன விட்டுட்டு வந்தவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கைப்பிடியத் தொடுறது?"

"அவருதானே போகச் சொன்னாரு."

"சொல்லுவான். ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவான். நான் அந்தக் கல்லை நம்பி விட்டுட்டு வருவேன். அன்னைக்கும் அந்தச் சரிவு முழுக்க நடந்துதான் வந்தேன். ஒரு கல்லு நிக்கல. நான் கவனிக்கல. வில்மாகிட்ட எஞ்சிலாடா சமைக்கிறதப் பத்திப் பேசிக்கிட்டு வந்தேன், நாக்கு நீண்ட கழுதை."

"காத்து தள்ளியிருக்கும் மாமா."

"காத்து மேல்கல்லத் தள்ளும். அடிக்கல்லையுமா சிதறடிக்கும்? அது கால் பண்ணின வேலை."

அவள் வாயைத் திறந்தாள். வேறு எதுவோ வெளியே வந்தது. "அப்பாவுக்கு எதுக்குக் கல்லு? கண்ண மூடிக்கிட்டு இறங்குவாரே."

எலாய் மெல்லத் திரும்பினார். "உங்கிட்டச் சொல்லலியா?... சொல்லியிருக்க மாட்டான். சொன்னா நீ கடைய மூடி அவன டென்வருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்னு பயம். அவனுக்கு ரெண்டு கண்ணுலயும் நடுவுல மூட்டம் புள்ள. ஓரம்தான் தெரியும். வெள்ளைப் பாறையில தடம் தெரியாது. நிமிந்து நிக்கிற கல்லு தெரியும். ஒண்ணப் பிடிச்சு அடுத்தது, அதப் பிடிச்சு அடுத்ததுன்னு இறங்கி வருவான். அவன் அடுக்கினதுதான் எல்லாம்."

"உங்ககிட்டச் சொன்னாரா?"

"எங்ககிட்டயா? அழகுக்கு அடுக்குறேன்னான். நாங்களாத்தான் பாத்துப் புரிஞ்சுக்கிட்டோம், ஆனா நம்பின மாதிரியே இருந்தோம். வியாபாரி, தன் சரக்குல ஓட்டைன்னு வாயால சொல்லுவானா? ஏறும்போது எதாவது விழுந்து கிடந்தா, லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சு எடுத்து வச்சிருவோம். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கும்."

தேவாலய மணி ஒருமுறை அடித்து நின்றது. வாசலில் அத்தை கையை நெற்றிக்கு மேல் வைத்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்குக்கு நேரே கம்பளியைத் தூக்கிப் பிடித்த அப்பாவின் முகம் பெர்னடெட்டுக்கு நினைவு வந்தது. கடைசியாக அப்படிப் பார்த்தபோது, வாடிக்கையாளர் முன்னாலேயே, "போதும்பா, அசிங்கமா இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அவர் கண்ணடித்துவிட்டுக் கம்பளியை மடித்தார்.

"மாமா, நான் முன்னாடி இறங்கிப் போனேன்ல..."

"ஆமா."

"நான் போறப்போ கல்லெல்லாம் நின்னுச்சு."

"சரி."

"நான் போனதுக்கப்புறம் நிக்கல."

எலாய் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கால்களைப் பார்த்தார். கறுப்புச் செருப்புக்குள் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன.

"குப்பைன்னு நெனச்சேன் மாமா. யாரோ போட்டோவுக்கு..."

கையை உயர்த்தி நிறுத்தினார். அப்பாவின் கடையில் பேரம் முறியும்போது உயருகிற அதே கை.

கையை இறக்கிக்கொண்டு, "ஃபெலிசிட்டாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"இல்ல."

"வில்மாவுக்கு?"

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நான் பாக்காமத் தாண்டி வந்த தப்பு அப்படியேதான் இருக்கு. நீ சொன்னதால அதுல ஒரு பொட்டுகூடக் குறையாது. எங்கிட்டச் சொல்லிட்டதால உன்னோடதும் குறையாது." கதவைத் திறந்தார். "எறங்கு. பெட்டி வெயில்ல நிக்குது."

அவர் நேராக நடந்துபோய் ஆளில்லாத கைப்பிடியைப் பிடித்தார். ஆறு பேர் தூக்கினார்கள்.

"எப்படிடி மசிஞ்சாரு?" அத்தை அவள் காதருகே வந்தாள். "என்ன சொன்ன?"

பெர்னடெட் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். "அப்பன் ரத்தம்," என்று அத்தை பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகச் சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தாருக்கென்று முன்வரிசையில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதிரியார் முடித்தார். பெட்டி இறங்கியது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு, போஸோலே குழம்பு கொதிக்கிற வீட்டைப் பார்த்து நகரத் தொடங்கினார்கள். எலாய் நகரவில்லை. குழியின் கால்மாட்டுக்கு வந்து நின்றவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். லேஸ் இல்லாத பூட்ஸின்மேல் விரல்கள் ஒரு முடிச்சுப் போட்டன, இழுத்து இறுக்கின. நிமிர்ந்தபோது அங்கே ஒரு தட்டைக்கல் இருந்தது. அடுத்து வில்மா வந்தாள். அவளும் குனிந்தாள். கல்லின் மேல் கல் ஏறியது.

"அடுத்து நீ வாடி கண்ணு," என்று வில்மா இவளைப் பார்த்துக் கை நீட்டினாள்.

எலாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்கள் அவள் நாற்காலியிலிருந்து கால் நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றன. பெர்னடெட் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.