விரல் அகலப் பாலம்

மலையிலிருந்து வந்திருந்த முனியாயி அம்மா, நான் அச்சடித்த கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

“என்னா கண்ணு, ஊரு பேரு கேட்டா கரிய அள்ளி அப்பி வச்சிருக்கிறீங்க?”

அவர் சொன்னதில் தப்பில்லை. ‘வத்தல்மலை சாமை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கறுப்புத் திட்டுகள்தான் இருந்தன.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் கோகிலா அக்காவின் ஸ்டிக்கர் கடை. வண்டி நம்பர், கடை போர்டு, மூட்டைக்கு அடிக்கிற அச்சு எல்லாம் செய்வோம். பத்தாவதைப் பாதியில் நிறுத்திய பிறகு நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் பேசுவது அக்கா, பின்னால் உட்கார்ந்து வெட்டுவது நான். அந்த ஏற்பாடு எனக்கு வசதியாக இருந்தது.

மூட்டை அச்சுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம்தான். எழுத்தை அதில் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டுக் கோணிமேல் வைத்து, ஸ்பாஞ்சில் பெயிண்டைத் தொட்டு ஒற்ற வேண்டும். அன்று யாருடைய முட்டியெலும்போ இருந்த பிலிமில், கம்ப்யூட்டரில் இருந்த எழுத்தை அப்படியே ஒட்டி வெட்டினேன். ‘வ’வின் சுழியைச் சுற்றி வெட்டியதும் நடுத்துண்டு தனியாக விழுந்தது. ‘த’வுக்கும் அப்படித்தான், ‘ம’வுக்கும் அப்படித்தான். எல்லா எழுத்துக்கும் வயிறு விழுந்துவிட்டது.

“இங்கிலீஸ்ல அடிச்சிடலாங்கம்மா. தகடு ரெடியா கெடக்குது” என்றார் அக்கா.

“அத எங்க பொம்பளைங்க யாரு படிக்கிறது? போன வருசம் மண்டியில கீழ்நாட்டு மூட்டயோட எங்க மூட்டயயும் கலந்துட்டானுங்க. எது எங்களுதுன்னு கேட்டா, நீயே பாத்து எடுத்துக்கன்றான். எல்லா மூட்டைக்கும் ஒரே மூஞ்சி, எத எடுக்கிறது? நாளைக்கி மத்தியானம் டெம்போ மலைய வுட்டு எறங்குதுங்க. எங்களுக்குத் தெரியற எழுத்துல போட்டுக் குடுங்க.”

அவர் போனதும், “நான் வரஞ்சி பாக்கறங்கா” என்றேன். அக்கா கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, “சரி, பாரு” என்றார்.

சாக்கின் இழை மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். அதனால் எழுத்தைத் தடியாக வரைந்தேன். வயிறு விழாமல் இருக்க அதை வெளிப்பக்கத்தோடு இணைத்துவைக்கும் ஒரு துண்டை வெட்டாமல் விட வேண்டும். அதற்குப் பாலம் என்று நானே பெயர் வைத்தேன். ஆனால் எழுத்தின் நடுவே இடைவெளி தெரிந்தால் உடைந்த சாமான் மாதிரி இருக்குமே என்று பாலத்தை நூல் மாதிரி மெல்லிசாக விட்டேன். பேப்பரில் ஒற்றிப் பார்த்தேன். அச்சு அசலாக விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோணியில் ஒற்றிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் கோணியில் வைத்து அழுத்தியதும் நூல் பாலங்கள் எல்லாம் வளைந்துகொண்டன. பெயிண்ட் உள்ளே புகுந்தது. மறுபடியும் திட்டுகள், நேற்றைவிடக் கொஞ்சம் அழகான திட்டுகள்.

“வுடு புள்ள, உன்னால ஆனத பண்ண” என்று அக்கா இங்கிலீஷ் தகட்டுப் பெட்டியைத் திறந்தார். இதற்குமேல் எழுத்து வேலையை என் கையில் தர மாட்டார் என்று நினைத்தேன்.

அக்கா A எழுத்துத் தகட்டை எடுத்து வெளியே வைத்தார். அதன் வயிற்றை இரண்டு பக்கமும் தடிமனான பாலம் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த O தகட்டிலும் எழுத்து இரண்டு துண்டாகத்தான் வெட்டியிருந்தது. எத்தனையோ மூட்டையில் அடித்திருக்கிறோம். ஏன் உடைந்திருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

“அக்கா.” எனக்கே கேட்கவில்லை. “அக்கா, டெம்போ வர்ற வரைக்கும் குடுங்க. இன்னொரு பிலிம்.”

“மறுபடியும் கவுத்துட்டீன்னா?”

“அப்ப இங்கிலீஸ்லயே அடிங்க.”

இந்தத் தடவை பாலத்தை மறைக்கவில்லை. சுழிக்குச் சுழி, மேலே ஒன்று கீழே ஒன்று, என் சுண்டுவிரல் அகலத்துக்கு நேராக விட்டேன். எழுத்துகள் தடித்தடியான பலகைகளை அடுக்கி நிறுத்திய மாதிரி ஆயின.

அக்கா முகத்தைச் சுளித்தார். “ஏன் புள்ள இப்படி அறுத்து வச்சிருக்கிற? ஆப்பரேசன் பண்ண மாதிரி இருக்குது.”

“கிட்ட பாக்காதீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி பாருங்க.”

அக்காவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பழைய கோணியை எடுத்து ஒற்றினேன். பிலிமைத் தூக்க பயமாக இருந்தது, மெதுவாகத்தான் தூக்கினேன். ஒரு வயிறும் நிரம்பவில்லை.

அதற்குள் டெம்போ வந்துவிட்டது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த முனியாயி அம்மா இறங்குவதற்கு முன்பே கோணியைப் பார்த்தார். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவராம். உதட்டை அசைத்து, “வ... த்... தல்... மலை” என்று கூட்டினார். பிறகு மளமளவென்று, “சாமை! அட, நம்மளுது!”

டிரைவர், “நடுவுல நடுவுல வுட்டுப் போயிருக்குதே ஆயா” என்றார்.

“வாய மூடுடா. எனக்குப் படிக்க வருது, உனக்கு என்னா நோவுது?” அக்கா பக்கம் திரும்பினார். “யாருங்க இத எழுதுனது?”

அக்கா என்னைக் காட்டினார். வழக்கமாக நான் உள்ளே போய்விடுவேன். அன்று ஸ்பாஞ்சைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

“கண்ணு, எங்க ஊரு தண்ணி டேங்குல பேரு அழிஞ்சி போச்சி. இதே மாதிரி வெட்டிக் குடுப்பியா? பெரியூருன்னு போடணும்.”

“அந்த எழுத்தெல்லாம் இன்னும் வரையலீங்கம்மா” என்றார் அக்கா.

“நான் வரையறேங்க” என்றேன். “எல்லா எழுத்தும் வரையறேன்.”

அக்கா இங்கிலீஷ் தகட்டுப் பெட்டியை மூடிவிட்டு, இன்னொரு ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

டிரைவர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார். ‘யூ’வின் சுழிக்குப் பாலத்தை எந்தப் பக்கம் விடுவது என்று யோசித்தபடியே முதல் மூட்டையில் பிலிமை வைத்தேன்.