மூன்றாம் மடைக்குக் கீழே

குத்தகைப் பதிவில் தன் பெயரை ஏற்றிய நாளிலிருந்து துரைராசுவுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று புது ஆட்சி சட்டம் போட்டதும், நீடாமங்கலத்தை ஒட்டிய அந்தக் கிராமத்திலிருந்து முதலில் போய் நின்றவர் அவர்தான். அதன் பிறகு பண்ணையார் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயலில் தண்ணீர் குறைந்தால் பண்ணையின் வேலை, வைக்கோல் போர் சரிந்தால் பண்ணையின் வேலை என்றே துரைராசு நினைத்தார். டீக்கடையில் ஒருவன் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துப் பேசினாலும், இவனுக்கு அங்கே என்ன கிடைத்ததோ என்று யோசிப்பார்.

மகள் ஆனந்தவல்லி படித்த உயர்நிலைப் பள்ளி மேலும் அதே சந்தேகம்தான். அந்தக் கட்டடம் பண்ணையார் கட்டிக் கொடுத்தது. கணக்குப் படித்தால் களத்தில் மரக்கால் அளக்கும்போது ஏமாறாமல் இருக்கலாம், அது சரி. ஆனால் சயின்ஸ் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் தவளைக் குஞ்சு பார்க்கச் சொல்வதும், டிராயிங் வாத்தியார் ஊரை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொல்வதும் அவருக்குப் பிடிபடவில்லை.

"எவன் வயல் எங்க இருக்குன்னு பிள்ளைங்களை வச்சே படம் போட்டு வாங்குறான் பண்ணை" என்று மனைவி காளியம்மாளிடம் சொன்னார். "இந்த வருஷத்தோட போதும். நிறுத்திடுவோம்."

மகள் காதில் விழுந்ததா என்பது தெரியவில்லை.

அந்த ஆவணியில் ஒரு நாள் விடிந்தபோது குளத்தில் மீனெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. கெண்டையும் விராலும் படித்துறையோரம் ஒதுங்கிக் கிடந்தன. மருதையனின் சினைப்பசு கரையிலேயே நுரை தள்ளி விழுந்து செத்துப்போயிருந்தது. மருதையன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் மதகுகிட்ட செல்லதுரை நின்னான். நான் கண்ணால பாத்தேன்" என்று முதலில் சொன்னது துரைராசுதான்.

செல்லதுரை பண்ணையின் காரியக்காரர். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து மாரியம்மன் கோயில் புங்கமரத்தில் கட்டினார்கள். "தண்ணி மட்டம் பாக்கத்தான் போனேன்" என்று அவர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. நாலைந்து பேர் கையில் அரிவாள் இருந்தது.

அந்த நேரத்தில் ஆனந்தவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பாவாடை முழங்கால் வரை சேறு.

"அப்பா, வீட்டுக்கு வாங்க."

"போம்மா, இங்க நிக்காத."

"வாங்கப்பா. அவசரம்."

வீட்டுக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். கடைசியில் ஒரு வட்டம். கோட்டின் மேல் நாலு சின்னக் குறுக்குக்கோடுகள்.

"இது குளம். இது வாய்க்கால். இதெல்லாம் மடை. மீன் குளத்துல மட்டும் சாகல. வாய்க்கால்லயும் தவளை, நண்டெல்லாம் செத்துக் கிடக்கு. கரையோடவே நடந்து போய்ப் பாத்தேன்."

"குளத்துல கலந்தா வாய்க்கால்லயும் சாகத்தானே செய்யும்?"

"எப்படிப்பா? குளத்துத் தண்ணி மேல ஏறாது. மேலேர்ந்துதான் விஷம் வந்திருக்கணும். செல்லதுரை மாமா நின்ன மதகு குளத்துலேர்ந்து தண்ணி வெளிய போற பக்கம்."

துரைராசு அவளையே பார்த்தார். அவள் குரலில் இருந்த நிதானம் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"பண்ணையாளுக்குப் பேசச் சொல்லித்தான் அந்தப் பள்ளிக்கூடத்துல கத்துக் குடுத்தாங்களா?"

அவள் முகம் சுருங்கியது. ஆனால் விடவில்லை. மூன்றாவது குறுக்குக்கோட்டில் விரலை வைத்தாள். "இதுக்குக் கீழதான் எல்லாம் செத்திருக்கு. இதுக்கு மேல தவளைக் குஞ்சு உயிரோட நீந்துது. தண்ணியை அள்ளிப் பாத்தேன்."

மூன்றாவது மடை அவருடைய மடை.

நேற்று பொழுது சாய அவர் குறுவைப் பயிருக்கு எண்ட்ரின் பூச்சிமருந்து அடித்தார். மிஞ்சிய மருந்தை மடையோரத்தில் கொட்டி, மருந்து கலக்கிய டின்னையும் வாய்க்காலில் முக்கிக் கழுவினார். எல்லோரும் செய்வதுதான்.

"எவ்வளவுப்பா கலந்தீங்க?"

"மருந்துக்கடை மூஸா ஏதோ சொன்னாரு. பூச்சி ஜாஸ்தியா இருக்கேன்னு டின்னுக்கு ஒரு டம்ளர் ஊத்துனேன்."

மூலையில் இருந்த மருந்துப் புட்டியை எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். உதடு அசைந்தது. "ஒரு டின் தண்ணிக்கு ரெண்டு மூடி போட்டிருக்கு. டம்ளருக்குப் பன்னெண்டு மூடி பிடிக்கும். ஆறு மடங்குப்பா."

காளியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து மகளின் தோளைப் பிடித்தாள். "வாயைத் திறக்காதடி. பண்ணைக்குத் தெரிஞ்சா நிலமே போயிடும்." ஈரத்துணியால் தரையிலிருந்த படத்தை அழித்தாள்.

துரைராசுவும் அதைத்தான் நினைத்தார். விஷம் கலந்த குத்தகைக்காரன் என்று பண்ணை கோர்ட்டுக்குப் போகும். இவ்வளவு நாள் பண்ணையார் தேடிய சாக்கு இதுதான். செல்லதுரை நாலு அடி வாங்கட்டுமே. எத்தனை பேர் வயிற்றில் அடித்தவன்!

"யார்கிட்டயும் சொல்லலியே?" என்றார்.

"சொல்லல. ஆனா குளத்துலேர்ந்து தண்ணி கீழத்தெரு வாய்க்காலுக்குப் போவுதுப்பா. அங்க குடிக்கவே அதைத்தான் மொள்ளுவாங்க. இப்ப மதகை அடைக்கலன்னா..."

அவள் முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவரைக் கெஞ்சவில்லை, நியாயமும் பேசவில்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். தவளைக் குஞ்சையும் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. பெற்ற மகளின் பார்வைக்கு அன்றுதான் முதல்முறையாகப் பயந்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். அதற்குள் செல்லதுரையின் உதடு கிழிந்து ரத்தம் வடிந்தது.

"கட்டை அவுத்து விடுங்க. கீழத்தெருவுக்கு ஆள் ஓடுங்க, யாரும் தண்ணி மொள்ள வேணாம். மதகை அடைங்க" என்றார் துரைராசு. "விஷம் என் மடையிலேர்ந்து வந்தது. மருந்து டின்னை நான்தான் வாய்க்கால்ல கழுவுனேன்."

கூட்டம் முதலில் நம்பவில்லை. "பண்ணை உன்னையும் வாங்கிட்டானா?" என்று ஒரு குரல் கேட்டது. இத்தனை காலம் தான் மற்றவர்களைப் பற்றிக் கேட்ட கேள்வி இப்போது தன் மேலேயே வந்து விழுந்தது. மருதையன் எழுந்து வந்து ஓங்கி ஓர் அறை விட்டார். துரைராசு கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

கீழத்தெருவில் இரண்டு ஆடுகள் செத்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதிர்பார்த்தபடியே பண்ணையார் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார். விசாரணையில் பண்ணையின் ஒரே சாட்சியாக நின்ற செல்லதுரை, "எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். குத்தகைப் பதிவு நிலைத்தது. ஏன் அப்படிச் சொன்னான், இதில் பண்ணை என்ன சூது வைத்திருக்கிறான் என்று துரைராசு பல நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டார். நன்றிக்காக ஒருவன் அதைச் செய்திருக்கலாம் என்பது அவருக்கு நெடுநாள் கழித்துத்தான் தோன்றியது. அப்போதும் அரைமனதாகத்தான்.

பள்ளியை நிறுத்தும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

செத்த பசுவுக்கு ஈடாகக் கிடேரி ஒன்றை மருதையன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலை மருதையன் அதை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். துரைராசு பக்கம் திரும்பாமல், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆனந்தவல்லியைக் கூப்பிட்டார்.

"தாயி, இது நோய்நொடி இல்லாத மாடுதானா? நீ பாத்துச் சொல்லு. உங்கப்பன் பேச்சை நான் நம்புறதா இல்ல."

"நான் என்ன மாட்டு டாக்டரா மாமா?"

"அதெல்லாம் அங்க சொல்லிக் குடுக்கலியா?"

ஆனந்தவல்லி சிரித்துவிட்டாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் கிடேரியின் கண்ணையும் வாயையும் பார்த்தாள். மூக்கின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு நிச்சயமாத் தெரியாது. நீடாமங்கலம் மாட்டாஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க."

தெரியாது என்று அவள் சொன்னது மருதையனுக்குத் திருப்தியாக இருந்தது போலும். துரைராசுவை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, கிடேரியை நீடாமங்கலம் பாதையில் ஓட்டிக்கொண்டு போனார்.