இன்னொரு விரல்

“உனக்குச் சர்க்கரை இருக்காம்மா?”

அண்ணனின் வியாபாரத்தில் பணம் போட வந்த அம்மாள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். அண்ணனைத் தேடி வருகிறவர்கள் யாரும் அதுவரை என்னை ஒரு ஆளாக நினைத்துப் பேசியதில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணனின் முகம் செத்துப்போனது.

வேலையை விட்டுவிட்டு எங்கள் சமையலறையில் அவன் ஆரம்பித்த வியாபாரம் அது. ஓட்ஸையும் பாதாமையும் பேரீச்சம்பழத்தோடு அரைத்து அழுத்திய சின்னச் சின்னக் கட்டிகள். உறையில், ‘சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்’ என்று அச்சடித்திருந்தான். அதற்குச் சாட்சி என் விரல்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின் எந்நேரமும் வீட்டில் இருப்பவள் நான்தானே. ஒவ்வொரு தடவையும் என்னைத் தின்னச் சொல்லி, விரலில் குத்தி, மீட்டரில் பார்த்தான். சர்க்கரை ஏறவே இல்லை. மேலே ஏறாத அந்த வரைகோட்டைத்தான் லேப்டாப்பில் அந்த அம்மாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

“நோய் இல்லாத பொண்ணுக்கு எதைக் குடுத்தாலும் பெருசா ஏறாதே, தம்பி. சர்க்கரை உள்ளவங்க யாருக்குமே குடுத்துப் பாக்கலையா?”

“அது... அடுத்த மாசம் பாக்கலாம்னு, மேடம்...”

அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை. இவரும் கையை விரித்தால், அரைக்கும் மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

“ஏன், நான் இல்லையா?” என்று உள்ளறையிலிருந்து வந்தார் அப்பா. வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவர். ‘உங்க நம்பர் என் கணக்கையே கெடுத்துடும்’ என்று அவரை அண்ணன் சோதனையில் சேர்க்கவே இல்லை.

“வேணாம்ப்பா.”

“சும்மா இருடா. நீ குத்தும்மா.”

குத்தினேன். நூற்று எழுபது.

“ஐயா, இப்படியெல்லாம் பண்ண வேண்டாங்க” என்று அந்த அம்மாள் சொல்வதற்குள் அப்பா ஒரு கட்டியைப் பாதி கடித்துவிட்டார்.

“பரவால்லயே! மரத்தூள் மாதிரி இருக்கும்னு நெனச்சேன்” என்று மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அம்மாள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மூடிய லேப்டாப்பின் மேல் கை வைத்தபடி அசையாமல் இருந்தான். அப்பாவைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தால், மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறுகிறார், இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார்.

“நடந்தா கொறையும்ல? உள்ள சொல்லிடாத” என்றார் மெதுவாக. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒரு மணி நேரம் ஆனதும் அவர் விரலின் வேர்வையைத் துடைத்துவிட்டுக் குத்தினேன். இருநூற்று எண்பது. எல்லாருக்கும் தெரியும்படி மீட்டரை மேஜைமேல் வைத்தேன்.

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டார். “இதுல என்னால பணம் போட முடியாது தம்பி. ஒறையில இருக்கிற அந்த வரிய மொதல்ல எடுங்க.” அப்பாவிடம் திரும்பி, “டாக்டரைப் பாருங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

“மீட்டர்ல கோளாறுடா” என்றார் அப்பா. “அந்த விரல் மரத்துப்போன விரல், அதுல சரியாக் காட்டாது. இந்தா, இதுல குத்து. இன்னும் அந்தம்மா தெருவத் தாண்டியிருக்க மாட்டாங்க. ஓடிப்போய்ச் சொல்லிடலாம்.”

மோதிர விரலை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைக்கூட மாட்டாமல், இறங்கி, கார் போன திசைக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனான்.