தலையாட்டப் போனவர்கள்

நாங்கள் மதிலைப் பார்க்கப் போகவில்லை, தலையாட்டப் போனோம்.

கண்டியின் பழைய காவல் மதிலில் ஒரு துண்டைத் தோண்டியெடுத்து, அதன்மேல் புதுக் கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். அங்கே வழிகாட்டி வேலைக்கு எங்கள் வகுப்பு ஷாமலா விண்ணப்பித்திருந்தாள். சிங்களத்தில் பாஸ். இன்று தமிழ்ச் சோதனை. சோதிக்க வந்த சிங்கள அதிகாரி மஹத்தயாவுக்குத் தமிழ் தெரியாது. கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துப் புள்ளி போடுவார். இதில் வியக்க எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை. வேலை கிடைக்காவிட்டால் ஷாமலா படிப்பை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை பல்லேகலயில் தையல் தொழிற்சாலைக்குப் போகவேண்டும். ஆகவே நானும் நண்பன் அரூஸும் அயன் பண்ணிய சட்டையில் இரண்டு முகங்களைக் கொண்டுபோனோம்.

கம்பளையிலிருந்து மதிலைப் பார்க்கவே வந்த ஓர் அம்மாவும் சேர்ந்துகொண்டார். பெயர் சகீனா, முழங்காலில் வலி. இரண்டையும் கேட்காமலே சொன்னார்.

"இம்மதிலானது..." என்று ஷாமலா தொடங்கினாள்.

"ஆஹா!" என்றான் அரூஸ். அவன் காலை மிதித்தேன்.

நான்காவது வாக்கியத்தில் அவள் நின்றுபோனாள். மஹத்தயா பேனாவைத் திறந்தார். ஷாமலா மதிலை நோக்கிக் கம்பீரமாகக் கையை நீட்டி, அதே குரலில், "எல்லாம் மறந்துபோச்சுங்க. சிரிக்காம தலையாட்டுங்க. அரூஸ், நீ வாயத் தொறக்காத" என்றாள்.

வரலாற்றின் கனத்தோடு தலையாட்டினோம். மஹத்தயாவும் ஆட்டினார்.

சகீனா மட்டும் ஆட்டவில்லை. "மறந்து பெய்த்தா மகள்? பரவால்ல, தெரிஞ்சத சொல்லுங்க. தலையாட்டவா நான் பஸ் ஏறி வந்த?"

ஷாமலா என்னைப் பார்த்தாள். என்னிடம் தலை மட்டுமே இருந்தது. பிறகு அவள் குனிந்து, மதிலின் இடுப்பளவில் ஓடிய சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள்.

"இதுக்குக் கீழ பழசு. மேல உள்ளது போன வருஷம் வச்சது. பார்த்தா ஒன்னுபோலத்தான் இருக்கும். கண்ண மூடிக்கிட்டுத் தொடுங்க. கீழ எத்தன பேரு சாஞ்சு நின்னாங்களோ, வழுவழுன்னு இருக்கும். மேல கீறும். அதுல இனிமேதான் நாம சாயணும்."

சகீனா கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டுத் தொட்டார். "அட, மெய்தான்!"

அரூஸ் கண்ணை மூடித் தொட்டான், ஆஹா சொல்லவில்லை. நானும் தொட்டேன். உள்ளங்கையில் சில்லென்றது.

கண்ணைத் திறந்தபோது, பேனா புல்லில் கிடந்தது. மஹத்தயா ஒரு கையைக் கோட்டுக்குக் கீழேயும் மறு கையை மேலேயும் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். ஷாமலா அவருக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை. புதுக் கல்லில் மெல்லச் சாய்ந்து, அவர் கண் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.