சுற்றி வந்த கொம்பன்

துப்பாக்கி பிடித்துப் பதினான்கு வருஷம் ஆனவன் நான். என் அண்ணி மினேகோவுக்கு வேட்டை உரிமம் கிடைத்தது அந்தக் கோடையில்தான். ஆனாலும் அக்டோபரில் இரண்டு ஞாயிறு வெறுங்கையோடு திரும்பியது என் புண்ணியத்தால். மானைக் கண்டால் எனக்குக் கால் நிற்காது, துரத்துவேன். அது என்னைவிட நன்றாக ஓடும்.

மூன்றாம் ஞாயிறு, வண்டியை விட்டு இறங்கியதுமே மான் போலவே கூவும் ஊதலை அண்ணி என் கையில் திணித்தார்.

"கொழுந்தனாரே, இந்தப் பாறை மேல உக்காந்து ஊதுங்க. எந்திரிச்சீங்கன்னா சோத்துருண்டை கிடையாது."

"சுடறது?"

"நான்தான்."

"அண்ணி, நீங்க மாடு மேய்க்கிறவங்க!"

"நம்ம புல்லுல மாடு மட்டுமா மேயுது? வேலி கட்டிக்கிட்டே மானையுந்தான் பாத்தேன். ஊதினா, எவனோ தன் இடத்துக்கு வந்துட்டான்னு கொம்பன், அதான் ஆண் மான், சண்டைக்கு வருவான். நேரா வரமாட்டான். சுத்திப் போயி, காத்து போற பக்கமா வந்து மோந்து பாப்பான். காத்து உங்க மூஞ்சியில அடிக்குது, அதனால பின்னாடிதான் வருவான். குளிச்சீங்களா?"

"இல்ல."

"நல்லது. தூரத்துலயே நின்னுடுவான்."

அண்ணி ஓடையைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த சரிவில் ஏறிப் படுத்துக்கொண்டார். ஊதினேன். எதிர்க் குன்றிலிருந்து நீளமாக ஒரு கூவல் பதிலுக்கு வந்தது. மறுபடி ஊதினேன். சத்தமே இல்லை. போய்விட்டது என்று நினைத்தேன். எழுந்திருக்கக் கை ஊன்றியபோது, முதுகுக்குப் பின்னால் தரையில் 'தட்' என்று ஒரு குளம்படி. மெல்லத் திரும்பினேன். அறுபது அடியில், பிடரி சிலிர்த்த கொம்பன்!

அண்ணி சுடவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால், கொம்பனுக்கு நேர் பின்னால் நான் இருந்தேனே.

என் வாடை பட்டதும் அது கீச்சென்று கத்திப் பக்கவாட்டில் பாய்ந்தது. பின்பக்கத்து வெள்ளை மயிர் விரிய ஓடியது.

"சுடுங்க அண்ணி!" என்று கத்தினேன்.

அப்போதும் சுடவில்லை. சற்றுத் தள்ளி ஒரு மேட்டின் அடியில் போய்க் கொம்பன் சட்டென்று நின்று, யாராவது துரத்துகிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. ஒரே வெடி. அங்கேயே சாய்ந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது அண்ணி அதன் பக்கத்தில் மண்டியிட்டுக் கைகூப்பியிருந்தார்.

"நிக்கும்னு எப்படித் தெரியும்?"

"எங்க நாய் துரத்துறப்பல்லாம் மான் கொஞ்ச தூரம் ஓடி நின்னு பாக்குமே. நீங்க ஓடுற ஓட்டத்துல அதை எங்க பாத்திருக்கப் போறீங்க?"

கத்தியை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, அறுக்க வசதியாக மானின் காலைப் பிடித்துக்கொண்டேன்.